குருவிக் கூண்டுப் பூட்டில் மூன்று கீறல்

என் அத்தான் பூட்டு ரிப்பேர்காரர். அத்தான் என்றால் என் கூடப்பிறந்த அக்காவின் வீட்டுக்காரர். கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருக்கிறார். அதைக் கடை என்று சொன்னால் கடையே சிரித்துவிடும். அத்தான் உள்ளே உட்கார்ந்தபின் மூச்சு விடவேண்டுமென்றால் அந்த மூச்சு தெருவுக்கு வந்துதான் திரும்பிப் போகவேண்டும், அவ்வளவு இடம். அந்தத் தீப்பெட்டிக்கு இரண்டு பூட்டு. முதல் பூட்டைப் போட்டு இழுத்துப் பார்ப்பார். இரண்டாவதைப் போட்டு இழுத்துப் பார்ப்பார். பத்தடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தொங்குவார். அதனால் தெருவில் அவருக்கு 'ரெட்டைப் பூட்டு' என்று பெயர். ரெட்டைப் பூட்டு கடை எங்கே என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும்.

சந்தேகம் அவருக்குக் கூடவே பிறந்தது. பிறந்த அன்றைக்கே தொட்டிலில் எழுந்து உட்கார்ந்து, பிள்ளையை மாற்றிவிட்டார்களோ என்று நர்ஸை முறைத்திருப்பார் என்பது என் நம்பிக்கை. தொழில் அதற்கு நெய் ஊற்றியது. முப்பது வருஷமாக அவர் முன்னால் வந்து நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள்: "சாவி தொலஞ்சுபோச்சு, வந்து தெறந்து குடுங்க." பத்துப் பேரில் ஒருவன் பொய் சொன்னால், கதவைத் திறந்து கொடுத்த பாவம் யாருக்கு? அதனால் அத்தான் சும்மா திறக்கமாட்டார். வாசலிலேயே விசாரணை ஆரம்பிக்கும்.

"உங்க வீடுதானே? உள்ள போனதும் எடது செவுத்துல என்ன மாட்டியிருக்கு?"

"கடிகாரம்."

"ஓடுதா, நின்னுபோச்சா?"

"ஓடுது."

"எவ்வளவு நிமிஷம் ஃபாஸ்ட்டு?"

திறந்த பிறகு முதல் ஆளாக உள்ளே நுழைந்து கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்ப்பார். பொருந்தினால்தான் வீட்டுக்காரர் வீட்டுக்காரர். ஒருமுறை ஒரு ஆள் ஐந்து நிமிஷம் என்று சொல்லி அது ஏழு நிமிஷமாக இருந்துவிட, அவருடைய கல்யாணப் படத்தைக் காட்டும்வரை அத்தான் வாசலை விட்டு நகரவில்லை. படத்தில் மீசை இல்லை என்று அதற்கும் ஒரு அரைமணி நேரம் ஆனது.

நானும் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். எங்கள் வீட்டுக் கதவுக்கு மாற்றுச்சாவி கிடையாது. மாற்றுச்சாவி என்று ஒன்று இருந்தால் அதை யாராவது எடுத்துவிடுவார்களாம். அப்படியானால் அவர் கடையில் இருக்கும்போது நாங்கள் எப்படி வீட்டுக்குள் போவது? அதற்கும் வழி வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவை, அக்கா மகளை, என்னை, மூன்று பேரையும் தரையில் வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு பழைய பூட்டைக் கையில் கொடுத்து, சாவி இல்லாமல் திறக்கச் சொல்லிக் கொடுத்தார். அக்கா கொண்டை ஊசியை எடுத்தாள். நான் என் வண்டியின் வைப்பரிலிருந்து உருவிய எஃகுப் பத்தையை எடுத்தேன். அக்கா மகள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள். டாக்டர் வேண்டாமென்று தள்ளிவைத்த, பல் சுரண்டுகிற கொக்கி ஒன்றைக் கொண்டுவந்தாள். சாயங்காலத்துக்குள் மூன்று பேரும் தேறிவிட்டோம். உலகத்தில் யாரையும் நம்பாத மனிதர் தன் வீட்டுக்குள் மூன்று திருடர்களைத் தயார் செய்து வைத்தார். அதில் அவருக்குப் பெருமைகூட.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குக் குருவி வந்தது.

பறவைக்கடைக்காரர் ஒருவரின் ஷட்டர் இறங்கி மாட்டிக்கொண்டது. உள்ளே இருநூறு பறவைகள் தண்ணீர் இல்லாமல் கத்துகின்றன. அத்தான் ஓடிப்போய்த் திறந்துவிட்டார், கடிகாரக் கேள்வி கேட்காமலே. அந்தச் சந்தோஷத்தில் கடைக்காரர் ஒரு ஜோடி ஃபிஞ்ச் குருவியைக் கூண்டோடு கொடுத்தார். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். ஆணுக்குச் சிவப்பு அலகு, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, மார்பில் வரிவரியாகக் கோடு. பெண் சாம்பல் நிறம், அடக்கமான சாயல். குழந்தைகள் ஊதுகிற பொம்மைக்குழல் மாதிரி 'பீப், பீப்' என்று கத்தும்.

"ரெண்டும் ஆம்பளையா இருந்தா?" என்று கேட்டார் அத்தான்.

"கன்னத்துல பொட்டு இருக்கறது ஆணுங்க, இல்லாதது பொண்ணு."

"பொட்டு நீங்க வெச்சதா, அதுவா வந்ததா?"

கடைக்காரர் ஈரத்துணியால் குருவியின் கன்னத்தைத் துடைத்துக் காட்டினார். அதன்பிறகுதான் கூண்டு எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்தது. முன்னறையில்தான் என் கட்டிலும் இருக்கிறது.

வந்த இரண்டாம் வாரமே அத்தான் மாறிப்போனார். மனிதர்களை முறைக்கிற அந்தக் கண் குருவியைப் பார்த்தால் வெண்ணெயாக உருகும். தினையை ஊறவைத்து முளைகட்டுவார். வெள்ளரிக்காயைக் காகிதம் மாதிரி சீவி கம்பியில் சொருகுவார். பெண்குருவி முட்டை விடுகிற காலத்தில் அதன் எலும்புக்கும் முட்டை ஓட்டுக்கும் வலு வேண்டுமென்று கணவாய் மீனின் ஓடு ஒன்றைத் தொங்கவிட்டார். குஞ்சு வந்தால் கோழிமுட்டையை வேகவைத்து, ஓட்டோடு மசித்து, ரஸ்க் தூளில் உதிர்த்து வைக்கவேண்டுமாம். பேக்கரி வண்டி ஓட்டுகிறவன் நான் என்பதால் உடைந்த ரஸ்க் என் பொறுப்பு. எனக்கு ஜுரம் வந்தபோது ஒரு பன்னைக்கூட நீட்டாத மனிதர், குருவிக்கு ரஸ்க்கை மூன்று தடவை சலித்தார்.

"தூசி இருந்தா தொண்டையில சிக்கும் மச்சான்."

"எனக்கும் தொண்ட இருக்கு அத்தான்."

"அது தொண்டயா? குழாய்."

முதல் அடையில் ஐந்து முட்டை. நிலக்கடலைப் பருப்பு அளவுதான் இருக்கும், சாக்பீஸ் வெள்ளை. மூன்று பொரித்தன. பத்தாம் நாள் கூண்டுத் தட்டில் மூன்று குஞ்சும் செத்துக் கிடந்தன. கூண்டுக்குள் இருந்த நார்க்கூட்டுக்கு வெளியே, தட்டின் ஒரு மூலையில், யாரோ தூக்கிப்போட்ட மாதிரி. இரண்டாவது அடையிலும் அதே கதை. இந்தத் தடவை நான்கு.

அன்றைக்கு அத்தான் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னறையைச் சுற்றி வந்தார். ஜன்னல் கம்பியை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். பூனை வந்த தடம் இல்லை. எலி வந்த தடம் இல்லை. கடைசியில் என் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றார்.

"மச்சான், நீ ஒரு தடவ என்ன சொன்ன?"

"நான் ஆயிரம் சொல்லுவேன் அத்தான். எதக் கேக்கறீங்க?"

"இதுங்க வாயில ஒரு நாள் துணிய அடைக்கப் போறேன்னு சொன்னே."

சொன்னேன்தான். விடியற்காலை நாலு மணிக்கு வண்டி எடுக்கிறவன் நான். முதல் சுற்று முடித்து ஏழரைக்கு வந்து சாப்பிட்டு, மறுபடி ஒரு சுற்று போய், பத்தரை மணிக்குத்தான் படுப்பேன். கண்ணை மூடினால் தலைமாட்டில் 'பீப்'. அந்தக் கடுப்பில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அதை அவர் மனசுக்குள் பூட்டி வைத்திருந்தார்.

"பகல் முழுக்க இந்த ரூம்ல இருக்கறவன் நீ ஒருத்தன்தான். கூண்டுக்குள்ள கை போற அளவுக்குப் பூனைக்கு அறிவு கெடையாது," என்றார்.

"பூனைய விட எனக்கு அறிவு இருக்குன்னு இன்னைக்குத்தான் ஒத்துக்கறீங்க."

"சிரிக்காத. மூணாவது அடையும் இப்படி விழுந்துச்சுன்னா, நீ வேற ரூம் பாத்துக்கோ. குருவிய நான் திருப்பிக் குடுத்துடறேன். ரெண்டுமே இந்த வீட்ல வேணாம்."

அக்கா பின்னறையில் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷின் சட்டென்று நின்றது. எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. துணிமணிகளை ஒரு பையில் திணித்து வாசல் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். தடுப்பார்கள் என்று பார்த்தால் ஒருவரும் தடுக்கவில்லை. அன்று முதல் தினமும் குளித்துவிட்டு வாசலுக்குப் போய்த்தான் சட்டை எடுத்தேன்.

குருவி மூன்றாவது அடைக்கு உட்கார்ந்ததும் வீடு காவல் நிலையமானது. கூண்டுக் கதவின் குறுக்கே ஒரு கறுப்பு நூல். தரையில் பவுடர், கால்தடம் பிடிக்க. அந்தப் பவுடரில் முதலில் மிதித்தது அவரே. தன் கால்தடத்தை அரைமணி நேரம் அளந்து, "இது பெரிய கால், மச்சான் கால்தான்" என்றார். அக்கா அவர் செருப்பைக் கொண்டுவந்து தடத்தின் மேல் வைத்துக் காட்டினாள். அத்தான் பவுடரைக் கூட்டி அள்ளினார்.

முட்டை பொரித்த அன்றைக்குப் பூட்டு வந்தது. என் பெருவிரல் நகம் அளவில் ஒரு பித்தளைப் பூட்டு. எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததெல்லாம் சாவி தூக்கிவிட்டால் திறக்கிற ஊசி உள்ளே மூன்று இருக்கிற சாதா பூட்டு. இதில் ஐந்து ஊசி, தானே கடைந்தது. சாவி ஒன்றே ஒன்று, அதுவும் அவர் அரைஞாணில்.

"இனிமே காலைல ஆறு மணிக்கு நான் ஒரு ஸ்பூன் முட்டை வெப்பேன். ஒரு மணி நேரத்துல கிண்ணத்த எடுத்துடுவேன், கெட்டுப்போகக் கூடாது. வேற யாரும் கூண்டத் தொடக்கூடாது."

"தண்ணி?" என்றாள் அக்கா.

"வெளியிலேந்து ஊத்தற குழாய் வெச்சிருக்கேன்."

எல்லாம் பக்காவாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பத்தரை மணிக்கு நான் வந்து பார்க்கும்போது கிண்ணம் கழுவித் துடைத்து வெறுமையாக இருக்கும். கூட்டுக்குள்ளே நான்கு குஞ்சு, வாயைத் திறந்துகொண்டு 'கிச்சுக் கிச்சு' என்று சாதிக்கும். ஒரு ஸ்பூன் முட்டையில் நான்கு வயிறும் தாய்தகப்பன் வயிறும் எப்படி நிறையும்? சரியான கஞ்சத்தனம் என்று எனக்குத் தோன்றியது. போதாக்குறைக்கு, பட்டினியில் செத்தால் பழி என் தலையில். நான் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கவேண்டும். அதனால் வைப்பர் பத்தையை எடுத்தேன். ஐந்து ஊசி கொஞ்சம் படுத்தியது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு ஸ்பூன் முட்டை எடுத்து ரஸ்க்கில் பிசைந்து வைப்பேன். குருவிகள் காலி செய்ததும் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, பழைய இடத்தில் வைத்து, பூட்டி, நூலைப் பழையபடி கட்டிவிட்டுப் படுப்பேன். இவ்வளவுதான் நான் செய்த குற்றம். குஞ்சைத் தொடவில்லை.

பதினொன்றாம் நாள் மத்தியானம். நான் நல்ல தூக்கத்தில் இருந்தேன். யாரோ காலைப் பிடித்து இழுத்தார்கள். கண்ணைத் திறந்தால் அத்தான், கடையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறார், சந்தேகம் தாங்காமல். அவர் உள்ளங்கையில் ஒரு குஞ்சு. கறுத்த அலகு, முளைத்தும் முளைக்காத இறகு, சில்லென்று கிடந்தது.

"தட்டுல கெடந்துச்சு. சொல்லு, என்ன பண்ணின?"

"அத்தான், தூங்கிட்டு இருந்தேன்!"

"குறட்ட விட்டுக்கிட்டே திருடறவன நான் பாத்திருக்கேன்."

அக்கா ஓடிவந்தாள். அக்கா மகளும் ஆஸ்பத்திரி மத்தியான இடைவேளைக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அத்தான் கையிலிருந்து குஞ்சை வாங்கி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மூடி, அதன் மேல் வாயை வைத்து மெல்ல மெல்ல ஊதினாள். நான் வாழ்க்கையில் பேசாமல் இருந்த ஐந்து நிமிஷம் அதுதான்.

"கால் அசையுது," என்றாள் அக்கா.

அக்கா மகள் போன் போட்டுப் பறவைக்கடைக்காரரை வரவழைத்தாள். அவர் வந்து குஞ்சை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"பொழச்சுக்கும். கூட்டுல வைங்க. மனுஷன் கை பட்டா தள்ளிடும்னு பயப்படாதீங்க, இதுங்க அப்படி இல்ல." பிறகு கூட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அவர் புருவம் மேலே போனது. "அய்யா, குஞ்சுங்களுக்கு நடுவுல புது முட்டை ஒண்ணு இருக்கு."

"புது முட்டையா?"

"அடுத்த அடைக்கு ஆரம்பிச்சிடுச்சு. கூட்டுல குஞ்சு இருக்கும்போதே. அதான் எடத்துக்காகத் தூக்கிப் போடுது. மனுஷங்க யாரும் போடல, தாயும் தகப்பனும்தான் போடுதுங்க." தட்டில் கிடந்த எச்சத்தையும், ஆண்குருவி அலகில் தூக்கிக்கொண்டு திரிந்த தேங்காய் நாரையும் பார்த்தார். "என்ன தீனி வெக்கறீங்க?"

"காலைல ஒரு ஸ்பூன் முட்டை. ஒரே தடவ," என்றார் அத்தான்.

"ஒரு ஸ்பூன் தின்ன குருவியா இது? தொப்பையப் பாருங்க, தாசில்தார் மாதிரி உக்காந்திருக்கு. தீனி கொட்டிக் கெடந்தா, நல்ல காலம் பொறந்துடுச்சு, இன்னொரு குடும்பம் தொடங்கலாம்னு நெனச்சுக்கும். கூடவே நாரும் கெடக்கு. கதவையும் ஓயாம தெறந்திருக்கீங்க. கூட்டுல ஒரு நிமிஷம் நிம்மதி இல்ல. யாரோ அள்ளி அள்ளி வெச்சிருக்காங்க."

அத்தானின் தலை மெதுவாகத் திரும்பியது. அக்கா தையல் ஊசியைத் தேடுவதுபோல் தரையைப் பார்த்தாள். அக்கா மகள் போனைப் பார்த்தாள். நான் கொட்டாவி விட்டேன். கொட்டாவி வரவில்லை, வாயை மட்டும் திறந்தேன்.

அத்தான் கூண்டுப் பூட்டைக் கழற்றினார். மேஜையில் செய்தித்தாளை விரித்து, பூட்டின் அடியைத் தட்டி, உருளையை வெளியே தள்ளினார். ஐந்து ஊசிகளையும் வரிசையாக அடுக்கினார். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக இடுக்கியில் பிடித்துத் திருப்பினார். டாக்டர் ரிப்போர்ட் பார்க்கும்போது நிற்கிற மாதிரி நாங்கள் மூன்று பேரும் நின்றோம்.

"சாவி போனா பித்தள வழவழன்னு தேயும்," என்றார். "இதுல மூணு கீறல் இருக்கு. இது அகலமா, ரெட்டக் கோடு. கொண்ட ஊசி." அக்காவின் கை தானாகக் கொண்டைக்குப் போனது. "இது தட்டையா அழுத்தியிருக்கு, பொறுமை கெடையாது, முரட்டுக் கை. வைப்பர் பத்தை." நான் கட்டிலடியைக் காலால் மறைத்தேன். "இது..." அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "முடி மாதிரி மெல்லிசா ஒரே ஒரு கோடு. வளஞ்ச நுனி. பல்லு சுரண்டற கொக்கி. அஞ்சாவது ஊசிய எப்படிமா தூக்கின?"

"நாலாவதத் தூக்கிட்டு கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சா அதுவா எழும்புதுப்பா," என்றாள் மகள்.

"என் கடைக்கு வர்ற பூட்டு மேஸ்திரிக்குக்கூட அது தெரியாது," என்றார் அத்தான். கோபத்தில் சொன்னாரா, பெருமையில் சொன்னாரா என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்கும். சட்டென்று முகத்தை இறுக்கிக்கொண்டார். "மூணு பேரும் ஏன் தெறந்தீங்க?"

அக்கா முதலில் வெடித்தாள். "பன்னெண்டு மணிக்கு நான் வந்து பாத்தா கிண்ணம் மொட்டையா கெடக்கும். இவன் ஃப்ரிட்ஜத் தெறக்கறதப் பாத்தேன். குருவி முட்டைய இவன் முழுங்கிட்டு, கிண்ணத்தக் கழுவி வெக்கறான்னு நெனச்சேன்."

"அக்கா! என்னையா?"

"ஒன்னத்தான்டா. சின்ன வயசுல பல்பசை தின்னவன் நீ."

"நான் ரெண்டு மணிக்கு வருவேன்," என்றாள் மகள். "கிண்ணம் காலி. அம்மா மெஷின்ல உக்காந்தா ஒலகத்த மறந்துடுவாங்க. மாமா தூங்குவாரு. யாருமே எதுவும் வெக்கலன்னு நெனச்சேன்."

"நானும் அதேதான் நெனச்சேன்," என்றேன். "கிண்ணம் கழுவி இருந்துச்சு, நீங்க கஞ்சத்தனம் பண்றீங்கன்னு."

ஆக விஷயம் இதுதான். மாட்டிக்கொள்ளக் கூடாது என்று ஒவ்வொருவரும் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறோம். அடுத்து வந்தவருக்கு அது பட்டினிக் கிண்ணமாகத் தெரிந்திருக்கிறது. முதல் இரண்டு அடையிலும் இதே கூத்துதான். அத்தானுக்குப் பயந்து அப்போதும் ஒளித்துத்தான் வைத்தோம், பூட்டு இல்லாததால் இன்னும் வசதி. நான்கு பேர் வீட்டில் ஒருவரை ஒருவர் நம்பாமல் ஏழு குஞ்சுகளைப் பாசத்தாலேயே தீர்த்துக்கட்டியிருக்கிறோம்.

"நாலு பேரா? மூணு பேரு," என்றார் அத்தான், நான் இதை வாய்விட்டுச் சொன்னபோது.

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "என்னங்க. காலைல ஏழு மணிக்கு நீங்க எடுத்துக் குடுக்கற கிண்ணத்த நான் கழுவித் தர்றேன். எட்டரைக்கு நீங்க கடைக்குப் போனப்புறம் பாத்தா கிண்ணம் மறுபடியும் ஈரமா இருக்கே. அது யாரு கழுவினது?"

அத்தான் கூரையைப் பார்த்தார். பறவைக்கடைக்காரரும் கூரையைப் பார்த்தார், அங்கே ஏதோ இருக்கிறதென்று.

"நான் போனதும் நீங்க பட்டினி போட்டுடுவீங்களோன்னு..." என்று ஆரம்பித்தார் அத்தான். "ஒரு ஸ்பூன். சில நாள் ரெண்டு."

"ஒரு நாளைக்கு அஞ்சாறு ஸ்பூன்!" பறவைக்கடைக்காரர் தலையில் கை வைத்தார். "அதுங்க ரெண்டோட எடையே ஒரு ஸ்பூனுக்கு மேல கொஞ்சம்தான் வரும்!" இது அவர் என்னைவிடப் பெரிய புளுகர் என்று காட்டியது. ஆனால் அடுத்து அவர் சொன்னதை யாரும் சிரித்துக் கேட்கவில்லை. நார் முழுவதையும் எடுத்துவிடவேண்டும். புது முட்டையை எடுத்துவிடவேண்டும். குஞ்சுக்கு முட்டைத் தீனி தேவைதான், ஆனால் காலையில் ஒரே தடவை, அதுவும் சின்ன ஸ்பூனில். மற்ற நேரமெல்லாம் முளைகட்டிய தினை, உலர்ந்த தினை, அவ்வளவே. குஞ்சு தானாக வெளியே வருகிறவரை, இன்னும் ஒன்பது பத்து நாள், கூட்டை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது.

"யாரு வெக்கறது?" என்று கேட்டார். நான்கு பேரும் மற்ற மூன்று பேரைப் பார்த்தோம்.

கடைசியில் அத்தான்தான் தீர்ப்புச் சொன்னார். காலை எட்டு மணி. நான் முதல் சுற்று முடித்து வந்திருப்பேன், மகள் கிளம்பியிருக்கமாட்டாள். நான்கு பேரும் கூண்டுக்கு முன்னால் நிற்கவேண்டும். ஒருவர் தீனி வைக்க, மூன்று பேர் பார்க்கவேண்டும். மறுநாள் அடுத்தவர் முறை.

அந்த ஒன்பது நாளும் எட்டு மணிக்கு எங்கள் வீட்டைப் பார்த்தவர்கள் ஏதோ கொடியேற்றுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். என் முறை வந்த அன்று அக்கா என் விரல் இடுக்குவரை சோதித்தாள். அக்கா முறை வந்த அன்று அத்தான் ஸ்பூனின் மேட்டைக் கத்தியால் வழித்து மட்டமாக்கினார். அத்தான் முறை வந்த அன்று அவர் இன்னொரு சிட்டிகை எடுக்கக் கை நீட்ட, மூன்று பேரும் ஒரே குரலில், "ம்ம்!" என்றோம். கையை இழுத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க உலகத்தைச் சந்தேகப்பட்ட மனிதரை மூன்று பேர் சேர்ந்து சந்தேகப்பட்டதும், ஏனோ அவர் முகம் தெளிந்துபோனது. தனியாகக் காவல் காத்தவருக்குக் கூட்டு கிடைத்த மாதிரி.

தட்டில் ஒவ்வொரு நாளும் முதல் வேலையாகப் பார்ப்போம். ஒன்றும் விழவில்லை. ஆண்குருவி நாரைத் தேடி அலுத்து, குஞ்சுகளுக்கு ஊட்டப் போய்விட்டது.

இருபதாம் நாள் காலை. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே நுழைகிறேன், மூன்று பேரும் கூண்டுக்கு முன்னால் நிற்கிறார்கள். குச்சியின் மேல் வரிசையாகக் குஞ்சுகள், வால் குட்டையாக, அலகு கறுப்பாக, தலையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு, தூங்கி எழுந்த குழந்தைகள் மாதிரி. அத்தான் விரலை நீட்டி எண்ணினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு." விரல் நின்றது. தலை திரும்பியது. நேராக என்னிடம். "நாலாவது எங்க?"

"அத்தான், நான் இப்பத்தான் வர்றேன். வண்டி இன்ஜினே ஆறல!"

தட்டைப் பார்த்தோம், இல்லை. கூண்டுக்குப் பின்னால், தரையில், கட்டிலடியில், இல்லை. அக்கா என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள், கூடப்பிறந்தவள். கடைசியில் மகள்தான் பறவைக்கடைக்காரர் சொன்ன தடை முடிந்துவிட்டது என்று கூட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இங்க இருக்கு. எழுந்திருக்கவே இல்ல. வாயத் தெறந்துட்டு உக்காந்திருக்கு, ஊட்டி விடுவாங்கன்னு. அன்னைக்குத் தட்டுல கெடந்ததுதான் இது. ஒரு பக்கம் எறகு கொறச்சலா இருக்கு."

அத்தான் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்தார், பூதக்கண்ணாடி இல்லாமலே கண்ணில் ஏதோ உறுத்துகிறதென்று.

"மாமன் மாதிரி சோம்பேறி," என்றார்.

பிறகு நேராக வாசலுக்குப் போனார். ஒரு மாசத்துக்கு மேலாக அங்கே உட்கார்ந்திருந்த என் பையைத் தூக்கிவந்து கட்டிலின் மேல் வைத்தார். "வழியில கெடந்து தடுக்குது. அலமாரியில அடுக்கு," என்றார். சொல்லிவிட்டுப் போகிற ஆளா அவர்? தானே திறந்து ஒவ்வொரு சட்டையாக உதறிப் பார்த்தார், வீட்டுச் சாமான் எதையாவது கட்டியிருக்கிறேனோ என்று. கட்டிலடியிலிருந்து இடம் மாற்றி நான் ஒளித்திருந்த வைப்பர் பத்தை கடைசிச் சட்டையிலிருந்து விழுந்தது.

எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, நுனியைக் கட்டைவிரலால் தடவினார்.

"நுனி மழுங்கிப்போச்சு," என்றார், அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு. "இத வெச்சுத்தான் பூட்ட அந்தப் பாடு படுத்தியிருக்க. சாயங்காலம் கடைக்கு வா. நல்ல எஃகுல ஒண்ணு கடஞ்சு தர்றேன்."